செந்நாகமும் சிறுவர் நாவும்

(இளைஞர்க்கான மொழிப்பயிற்சி அரங்கொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



அழல் கக்கிப் பறக்கும் நாகங்களும், இரும்புச் சட்டை பூண்டு குதிரையேறி அவற்றை எதிர்க்கும் மறவர்களும் நிறைந்த சிறுவர் கதைகளைப் பற்றி ஒரு மொழி இயக்கத்தின் மேடையில் உரையாற்றுவது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆட்சிமொழி, கல்விமொழி, வழிபாட்டுமொழி என முடியாத போர்கள் பல முன்னே நிற்கையில், குழந்தைக் கதையில் பொழுதைக் கழிப்பது தகுமோ என்று கேட்பாரும் உளர். அவர்க்குரிய விடை ஐரோப்பாவின் மேலைக் கோடியிலுள்ள வேல்சு என்னும் சிறு நாட்டின் வரலாற்றில் கிடக்கிறது. அந்நாட்டின் கொடியில் செந்நாகம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாட்டார் கண்ட கதைகள் ஆங்கிலத்தில் ஏறி உலகெங்கும் பரவின. ஆனால் அக்கதைகளை ஈன்ற மொழியோ அந்நாட்டுச் சிறுவர்களின் வாயிலிருந்தே பறிக்கப்பட்டது. அது பறிபோன வகையும், மீட்கப்பட்டு வரும் வகையும் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டியவையாகும்.

சொல்லின் வரலாறு

முதற்கண் சொற்களைப் பார்த்தல் நன்று. ஆங்கிலேயர் 'டிராகன்' என்று வழங்கும் உயிரியை இவ்வுரையில் அழல்நாகம் என்றே குறிப்பது பொருந்தும். 'டிராகன்' என்னும் சொல் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லன்று. அது கிரேக்கத்தில் பிறந்து, இலத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்தில் வந்து குடியேறியது. பழைய ஆங்கிலத்தில் 'விர்ம்' என்னும் சொந்தச் சொல் இருந்தது. பாம்பையும் பெருநாகத்தையும் குறித்த அச்சொல், இன்று தேய்ந்து மண்புழுவைக் குறிக்கும் சொல்லாய் நிற்கிறது. வந்த சொல் அரியணை ஏற, வீட்டுச் சொல் புழுவாகிப் போனது. வேற்றுச்சொல் புகுந்தால் தாய்ச்சொல்லுக்கு என்ன நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மறவனைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல்லோ ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே. பழைய ஆங்கிலத்தில் அது 'க்னிக்ட்' என ஒலித்தது. சிறுவன், இளைஞன், ஏவலன் என்பனவே அதன் பழம்பொருள்கள். இன்று ஒலியாமல் எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் அதன் முதலெழுத்து அப்பழைய ஒலியின் எச்சமாகும். சிறுவனைக் குறித்த சொல்லே பின்னர்ப் பெருமறவனைக் குறித்தது. தமிழிலும் விடலை, காளை, மீளி என்னும் சொற்கள் இளைஞனையும் மறவனையும் ஒருங்கே குறித்தலை இலக்கியம் கற்றோர் அறிவர். வேல்சு மொழியினரோ குதிரையை 'மார்க்' என்றும், குதிரை மறவனை 'மார்கோக்' என்றும் வழங்குவர்.

அந்நாட்டின் பெயரையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'வேல்சு' என்பது அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. பழைய ஆங்கிலத்தில் 'அயலார்' என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து அது பிறந்தது. வந்தேறியவர், முன்னிருந்தவரை அவர்தம் மண்ணிலேயே அயலார் என்றழைத்தனர். அம்மக்களோ தம் நாட்டைக் 'கும்ரி' என்பர். ஒரே நாட்டார், உடன்வாழ்வோர் என்பது அதன் அடிப்பொருள். ஒரே நிலத்துக்கு இரண்டு பெயர்கள். வாழ்பவன் இட்ட பெயர் உறவைச் சொல்கிறது. வந்தவன் இட்ட பெயர் விலக்கைச் சொல்கிறது.

குன்றின் அடியில் இரு நாகங்கள்

இனிக் கதைக்கு வருவோர்க்கு ஏறத்தாழ கி.பி. 830-இல் இலத்தீனில் எழுதப்பட்ட 'பிரித்தானியர் வரலாறு' என்னும் நூல் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. வோர்த்திகெர்ன் என்னும் பிரித்தானிய அரசன், தானே உள்ளே விட்ட சாக்சானியர்க்கு அஞ்சி, வடவேல்சின் மலைநாட்டில் கோட்டை கட்ட முனைந்தான். பகலில் கொண்டுவந்து குவித்த கல்லும் மரமும் இரவில் மறைந்தன. மும்முறை இவ்வாறே நிகழ்ந்தது. அவையிலிருந்த குறிசொல்லும் அறிவரை அரசன் கேட்டான். தந்தையில்லாத சிறுவன் ஒருவனைத் தேடிப் பிடித்து, அவனைக் கொன்று, அவன் குருதியை அந்நிலத்தில் தெளித்தாலன்றிக் கோட்டை நில்லாது என்றனர் அவர்.

ஏவலர் நாடெங்கும் தேடினர். ஓரிடத்தில் சிறுவர் பந்தாடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவன் மற்றொருவனைத் 'தந்தையில்லாதவனே' என்று பழித்தான். பழிக்கப்பட்டவனை ஏவலர் பிடித்துச் சென்றனர். அவன் பெயர் எம்ரிசு. கொலைக்கு நின்ற அச்சிறுவன் நடுங்கவில்லை. அறிவரைத் தன் முன்னே அழைக்குமாறு அரசனைக் கேட்டான். 'இந்நிலத்தின் கீழே என்ன இருக்கிறது?' என்று அவரை வினவினான். அறியோம் என்றனர். 'குளம் ஒன்று இருக்கிறது, தோண்டுங்கள்' என்றான். தோண்டினர், குளம் இருந்தது. 'குளத்துள் என்ன?' என்றான். அதற்கும் அவரிடம் விடையில்லை. குளத்துள் இரு கலங்களும், அவற்றின் இடையே மடித்துவைத்த துணிக்கூடாரமும், அதனுள் உறங்கும் இரு நாகங்களும் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

விழித்த நாகங்கள் பொருதன. வெண்ணாகம் செந்நாகத்தை மும்முறை தூக்கியெறிந்தது. மெலிந்ததாகத் தோன்றிய செந்நாகம் இறுதியில் வலிபெற்று எழுந்து வெண்ணாகத்தைக் கூடாரத்தை விட்டே துரத்தியது. சிறுவன் பொருள் விரித்தான். கூடாரம் நாடு, செந்நாகம் பிரித்தானியர், வெண்ணாகம் நாட்டைப் பற்றிக்கொண்ட சாக்சானியர், செந்நாகத்தார் ஒருநாள் எழுவர். அதன்பின் அவன் அரசனை நோக்கி, 'இக்கோட்டை உன்னால் கட்டலாகாது. நீ வேறிடம் போ. இங்கே இருப்பவன் யான்' என்றான். அக்குன்று இன்றும் 'தினாசு எம்ரிசு', அஃதாவது எம்ரிசின் கோட்டை என்றே வழங்குகிறது. 1950-களில் அங்கு நடந்த அகழாய்வில் குன்றின்மேல் பழங்குளம் ஒன்று இருந்தமையும் வெளிப்பட்டது.

நாகங்கள் அங்கே எவ்வாறு புதைந்தன என்பதற்கும் வேல்சு மொழியில் வேறொரு கதை உண்டு. 14-ஆம் நூற்றாண்டு ஏடுகளில் காணப்படும் அக்கதையில், பொருதுகொண்டிருந்த நாகங்களை உலூத் என்னும் அரசன் தீவின் நடுவிடமாகிய ஆக்சுபோர்டில் குழி தோண்டித் தேறல் ஊற்றி மயக்குகிறான். அவை சிறு பன்றிக்குட்டிகளாய் மாறித் தேறலுள் வீழ்ந்து உறங்குகின்றன. பட்டுத் துணியில் பொதிந்து, கற்பேழையில் இட்டு, மேற்சொன்ன குன்றில் அவற்றைப் புதைக்கிறான். இக்கதை எழுதப்பட்ட 'எர்கெசுட்டுச் செந்நூல்' என்னும் ஏடும் இன்று அதே ஆக்சுபோர்டில், இயேசு கல்லூரியின் உடைமையாய் இருக்கிறது.

பகுத்தறிவுக்கு இது பகையா?

நெருப்புக் கக்கும் நாகத்தைக் குழந்தைக்குக் காட்டுவது மூடநம்பிக்கையை வளர்க்காதா என்று பகுத்தறிவுடைய தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே அது. அதற்கு விடையும் எம்ரிசின் கதையிலேயே உள்ளது. இக்கதையில் தோற்பவர் யாவர்? குறிசொல்லுவோர். குருதி கேட்போர். நிலத்தின் கீழே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பாராமலே தீர்ப்புச் சொன்னோர். வெல்பவன் யாவன்? பிறப்பைச் சொல்லிப் பழிக்கப்பட்ட சிறுவன். அவன் கையிலிருந்த கருவி வாளன்று, வினா. 'என்ன இருக்கிறது, தோண்டிப் பாருங்கள்' என்று கேட்கும் குழந்தையை உருவாக்கும் கதை பகுத்தறிவுக்குத் துணையேயன்றிப் பகையன்று.

அழல்நாகம் இருப்பதாக எந்தக் குழந்தையும் நம்பிக் கும்பிடப் போவதில்லை. கதையைக் கதையென்று அறிந்தே அது மகிழ்கிறது. பிறவியால் உயர்வு தாழ்வு கற்பித்து, அதனை உண்மையென்றும் வரலாறென்றும் நம்பச் சொல்லும் கதைகளே நஞ்சு. குதிரை மறவர் கதைகளிலும் அத்தகைய நஞ்சு கலந்தவை இல்லாமல் இல்லை. உயர்குடிப் பிறந்தானே மறவனாவான் என்று கூறுவனவும், அடிமைத்தனத்தை அழகுபடுத்திக் காட்டுவனவும் உண்டு. அவற்றைப் புடைத்து நீக்கிக் கொடுப்பது பெற்றோர் கடன், ஆசிரியர் கடன், எழுதுவோர் கடன்.

கொல்லப்படும் நாகமும் கொடியேறும் நாகமும்

கதையைச் சொல்பவன் யார் என்பதைப் பொறுத்தே அதிலுள்ள பகைவன் யார் என்பதும் அமைகிறது. இங்கிலாந்தின் காவலராகப் போற்றப்படும் தூய சார்சு, குதிரைமீதமர்ந்து ஈட்டியால் நாகத்தைக் குத்திக் கொல்பவர். அவர் இங்கிலாந்தில் பிறந்தவரும் அல்லர். கிழக்கிலிருந்து வந்த தொன்மக் கதைக்குரியவர். ஆங்கிலச் சிறுவர் நூல்களின் அட்டைகளில் நூற்றாண்டுக் கணக்காய் அவருடைய ஈட்டியும் நாகத்தின் வாயுமே காணப்பட்டன. வேல்சிலோ நாகம் கொல்லப்பட வேண்டிய கொடுமையன்று, நாட்டின் உரு. ஆங்கிலக் கதையையே படித்து வளரும் வேல்சுச் சிறுவன், தன் கொடியில் உள்ளதைக் கொல்பவனையே தலைவனாகக் கொண்டு மகிழ்வான். தன்னை அறியாமலே தன்மீது ஈட்டி எறியப் பழகுவான். 1898-இல் கென்னத் கிரகாம் எழுதிய கதையொன்றில், பாட்டெழுதும் அமைதியான நாகமும் தூய சார்சும் ஒரு சிறுவனின் நடுநிலையால் பொய்ப்போர் நிகழ்த்தி நண்பராகின்றனர். ஆங்கிலேயருள்ளும் ஈட்டியைக் கீழே வைக்க எண்ணியோர் உண்டு என்பதற்கு அது சான்று.

ஆர்தர் என்னும் அரசனின் கதையும் இவ்வாறே கைமாறியது. ஆர்தரைப் பற்றிய பழங்கதைகள் வேல்சு மொழியில் வழங்கின. கி.பி. 1136-ஐ ஒட்டி மான்மவுத்து செப்ரி என்பார் இலத்தீனில் அவனை எழுதி ஐரோப்பா முழுதும் பரப்பினார். சிறுவன் எம்ரிசையும் 'மெர்லின்' என்னும் மாயவனாக்கினார். பின்னர்ப் பிரெஞ்சுப் பாவலர் அவனைச் சுற்றிக் குதிரை மறவர் கூட்டத்தை வளர்த்தனர். மேலோரி என்பார் அவற்றை ஆங்கிலத்தில் தொகுக்க, 1485 சூலைத் திங்களின் இறுதியில் காக்சுடன் அதனை அச்சிட்டு முடித்தார். இன்றைய சிறுவர் நூல்களில் வரும் ஆர்தரும் மறவரும் பெரும்பாலும் அந்நூலின் வழிவந்தவரே.

அதே 1485-இல், அடுத்த திங்களிலேயே, பெம்புரோக்கில் பிறந்த என்றி தியூதர் செந்நாகக் கொடியுடன் போசுவர்த்துப் போர்க்களத்தில் வென்று இங்கிலாந்தின் அரியணை ஏறினான். செந்நாகம் வென்றது என்று வேல்சுப் பாவலர் பாடினர். நடந்தது என்ன? அவன் மகன் எட்டாம் என்றியின் ஆட்சியில், 1536-இல் இயற்றப்பட்ட சட்டம் வேல்சு நாட்டு முறைமன்றங்களின் மொழி ஆங்கிலமே என்றது. ஆங்கிலம் அறியாத வேல்சு மொழியினர் அரசுப் பதவி ஏற்றலும் தடுக்கப்பட்டது. கொடியில் நாகத்தை ஏந்தி வந்த குடியே நாவிலிருந்து மொழியை இறக்கிவிட்டது. தன்னினத்தான் ஆட்சிக்கு வந்துவிட்டான், இனி மொழிக்குக் குறைவில்லை என்று உறங்கும் மக்களுக்கு 1485-உம் 1536-உம் மறக்கலாகாத பாடங்களாகும்.

கழுத்தில் தொங்கிய கட்டை

1847-இல் வேல்சு நாட்டுக் கல்விநிலையை ஆய்ந்த மூவர் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. மூவரும் ஆங்கிலேயர், வேல்சு மொழி அறியாதவர். அம்மொழியே மக்களின் ஒழுக்கத்துக்கும் முன்னேற்றத்துக்கும் தடை என்று அவ்வறிக்கை எழுதியது. நீல அட்டையிட்ட அந்நூல்களை 'நீலநூல் வஞ்சகம்' என்றே வேல்சு மக்கள் இன்றும் குறிப்பர்.

அக்காலப் பள்ளிகள் பலவற்றில் 'வேல்சு நாட்' என்று பெயர்பெற்ற ஒரு மரக்கட்டை இருந்தது. தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் அது தொங்கவிடப்படும். வேறொரு பிள்ளை தாய்மொழி பேசக் கேட்டால், முன்னவன் அதனைப் பின்னவன் கழுத்துக்கு மாற்றலாம். பள்ளி முடியும் வேளையில் எவன் கழுத்தில் கட்டை இருக்கிறதோ அவனுக்கு ஒறுப்பு. குழந்தையைக் கொண்டே குழந்தையை ஒற்றுக்கேட்க வைத்த கொடுமை அது. அதனினும் வருந்தத்தக்க உண்மை ஒன்றுண்டு. இக்கட்டையை எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. ஆசிரியர்களே கையாண்டனர், அவருள் வேல்சுக்காரரும் பலர். ஆங்கிலம் கற்றாலன்றிப் பிள்ளை பிழைக்கமாட்டான் என்று பெற்றோர் பலர் அதற்கு உடன்பட்டனர். கோட்டை நிற்பதற்குக் குழந்தையின் குருதி வேண்டும் என்ற பழங்கதை இப்படித்தான் பள்ளிக்கூடத்தில் நடந்தேறியது. வளர்ச்சி என்னும் கோட்டைக்குத் தாய்மொழி என்னும் குருதி கேட்கப்பட்டது. இம்முறை பெற்றோரே பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றனர்.

அக்கட்டையைக் கழுத்தில் சுமந்த சிறுவர்களுள் ஒருவர் ஓவன் எட்வர்ட்சு. 1858-இல் ஒரு மலைச்சிற்றூரில் பிறந்தவர். பின்னாளில் ஆக்சுபோர்டில் வரலாறு கற்பித்தார்; 1907-இல் வேல்சு நாட்டுப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளரும் ஆனார். எந்தப் பள்ளிமுறை தம் கழுத்தில் கட்டையைத் தொங்கவிட்டதோ அப்பள்ளிகளுக்கே மேலாளராய் வந்து, அங்கே தாய்மொழிக்கு இடம்தேடப் பாடுபட்டார். ஆனால் பதவி வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. 1892-லேயே 'கும்ரிர் பிளாந்து', அஃதாவது 'சிறுவர் கும்ரி' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். கதை, பாட்டு, பறவை, மலை, பழங்கால மறவர் என எல்லாம் வேல்சு மொழியில் குழந்தைக்குக் கொடுத்தார். 1922-இல் அவர் மகன் ஈவான், அவ்விதழிலேயே அழைப்பு விடுத்து வேல்சுச் சிறுவர் இயக்கத்தை நிறுவினார். அவ்வியக்கமே 1939-இல் அபெரிசுத்வித்து நகரில் வேல்சு வழித் தொடக்கப்பள்ளியைத் திறந்தது. முதல்நாள் அங்கே இருந்த பிள்ளைகள் எழுவர். ஓர் இதழிலிருந்து ஓர் இயக்கம். ஓர் இயக்கத்திலிருந்து ஒரு பள்ளி. எழுவர் போதும் தொடங்குவதற்கு.

ஆங்கிலேயர் ஒருவர் கேட்ட இசை

அழல்நாகக் கதைகளால் 20-ஆம் நூற்றாண்டில் பெரும்புகழ் பெற்றவர் தோல்கீன் என்னும் ஆங்கிலேயர். அவர் கதையாளராவதற்கு முன்னரே மொழிநூல் வல்லுநர். ஏழு அகவையில் அவர் ஒரு நாகக் கதை எழுதினார். 'பச்சைப் பெரிய நாகம்' என்று அவர் எழுதியிருந்ததைக் கண்ட தாய், 'பெரிய பச்சை நாகம்' என்றே எழுதவேண்டும் என்று திருத்தினார். ஏன் அவ்வாறு என்று சிறுவன் வியந்தான். மொழியமைப்பைப் பற்றிய அவ்வியப்பு முதுமையிலும் அவரை விட்டு நீங்கவில்லை. தாய் திருத்திய ஒரு சொற்றொடரே மொழியறிஞர் ஒருவரின் தொடக்கப்பாடமாயிற்று. கதை கேட்டும் எழுதியும் களிக்கும் குழந்தை தன் மொழியின் இலக்கணத்தை அறியாமலே அறிகிறது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

சிறுவனாய் இருந்தபோது வீட்டின் அருகே சென்ற நிலக்கரி வண்டிகளில் எழுதியிருந்த வேல்சு ஊர்ப்பெயர்கள் அவரை ஈர்த்தன. பொருள் தெரியாத அப்பெயர்களின் ஒலியில் அவர் உள்ளம் தோய்ந்தது. 1936-இல், 'பெயோவுல்பு' என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்தை வரலாற்றுக் குறிப்புகளின் குப்பையாகக் கிளறிய அறிஞர்களை மறுத்து, அதிலுள்ள நாகமும் அரக்கருமே அக்காப்பியத்தின் உயிர் என்று நிறுவும் சொற்பொழிவை ஆற்றினார். அடுத்த ஆண்டு, 1937-இல், 'ஆபிட்டு' என்னும் சிறுவர் நூலை வெளியிட்டார். அதில் வரும் சுமாக் என்னும் நாகத்தின் பெயரும் பழஞ்செருமானியத்தில் துளை வழியே நுழைதலைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து அவர் வேடிக்கையாய் ஆக்கியதே. பழஞ்சொல்லைத் தோண்டிப் புதுக்கதை படைத்தார். வேர்ச்சொல் ஆய்வு உலர்ந்த வேலை என்போர் இதனை எண்ணிப் பார்க்க.

1955 அத்தோபர் 20-ஆம் நாள் அவருடைய பெருங்கதையின் மூன்றாம் பகுதி வெளிவந்தது. மறுநாளே ஆக்சுபோர்டில் 'ஆங்கிலமும் வேல்சும்' என்னும் பொருளில் உரையாற்றினார். வேல்சே அத்தீவின் மூத்த மொழி, அம்மண்ணுக்குரிய மொழி, அழகிய மொழி என்று ஆங்கில மொழிப் பேராசிரியராகிய அவர் அங்கே போற்றினார். தம் கதையில் தொன்முது மக்கள் பேசுவதாக அவர் படைத்த மொழியொன்றின் ஒலியமைப்பையும் வேல்சு மொழியைத் தழுவியே அமைத்திருந்தார். நீலநூல் எழுதியவர்கள் தடையென்று கண்ட மொழியில், மொழி அறிந்த ஆங்கிலேயர் ஒருவர் இசையைக் கேட்டார்.

பிறரும் அவ்வூற்றில் முகந்தனர். அமெரிக்கராகிய இலாயிடு அலெக்சாந்தர், இரண்டாம் உலகப்போரின்போது படைப்பயிற்சிக்காக வேல்சில் தங்கியவர். அந்நாட்டின் பழங்கதைகளைத் தழுவி 1964 முதல் 1968 வரை ஐந்து சிறுவர் நூல்கள் எழுதினார். 1967-இல் ஆலன் கார்னரும், 1975-இல் சூசன் கூப்பரும் வேல்சு மண்ணையும் தொன்மத்தையும் களமாகக் கொண்டு எழுதிய இளையோர் நூல்கள் பரிசுகள் பெற்றன. நல்ல நூல்களே அவை, பழிக்கத்தக்கவை அல்ல. ஆயினும் அவையெல்லாம் ஆங்கில நூல்கள். வேல்சுப் பொன் ஆங்கிலப் பட்டறையில் அணிகலனாகி, வேல்சுக் குழந்தையின் கைக்கே ஆங்கில அணிகலனாய்த் திரும்பி வந்தது. பிறர் பாராட்டுவதால் ஒரு மொழி வாழ்ந்துவிடாது. அம்மொழியிலேயே குழந்தை சிரிக்கவும் அஞ்சவும் கனாக் காணவும் வேண்டும்.

மீட்பு வேலை

வேல்சு மக்கள் அதனை உணர்ந்தனர். 1959-இல் செந்நாகக் கொடி நாட்டின் கொடியாக ஏற்கப்பட்டது. ஆனால் கொடியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1961-இல் வேல்சு நூல் மன்றம் நிறுவப்பட்டது. 1976 முதல் சிறந்த சிறுவர் நூல்களுக்கு ஆண்டுதோறும் பரிசளிக்கப்படுகிறது. 1984-இல் பாவலர் குவின் தாமசு, தம் நாட்டுப் பழங்கதைகளைச் சிறுவர்க்கான எளிய வேல்சு மொழியில், வண்ண ஓவியங்களுடன் வெளியிட்டார். வேல்சு மொழித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன வாக்கிலிருந்து இலண்டன் அரசு பின்வாங்கியபோது, குவின்வோர் எவான்சு என்னும் தலைவர் 1980-இல் சாகும்வரை உண்ணாநோன்பு இருக்கப்போவதாக அறிவித்தார். அரசு பணிந்தது. 1982 நவம்பர் முதல்நாள் அத்தொலைக்காட்சி தொடங்கியது. வேல்சு மொழி பேசும் கரடிக்குட்டியும் அன்றே குழந்தைகள் முன் தோன்றியது. மாயப்பள்ளிச் சிறுவன் ஆரி பாட்டரின் முதற்கதை 2003-இல் வேல்சு மொழியில் வந்தது. தோல்கீனின் 'ஆபிட்டு' 87 ஆண்டுகள் கழித்து, 2024-இல் 'இர் ஓபிட்' என்னும் பெயரில் வேல்சு நூலாயிற்று. அவர் போற்றிய மொழியில் அவருடைய நாகம் இப்போதுதான் பேசத் தொடங்கியுள்ளது.

போர் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1901-இல் அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் வேல்சு மொழி பேசினர். 1981-இல் அது 100-க்கு 19 பேராய்க் குறைந்தது. 2021 கணக்கெடுப்பில் 100-க்கு 17.8, அஃதாவது ஏறத்தாழ 5,38,000 பேரே அம்மொழி அறிந்தவர். 2050-க்குள் 10 இலக்கம் பேரை எட்டுவது என்று அந்நாட்டு அரசு குறிக்கோள் வைத்துள்ளது. ஒரு தலைமுறையில் அறுந்த கயிற்றை மூன்று தலைமுறைகள் முயன்றும் முழுதும் முறுக்க முடியவில்லை. குழந்தை நாவிலிருந்து மொழியை எடுப்பது எளிது; மீண்டும் வைப்பதே அரிது.

தமிழ்ப் பெற்றோர்க்கு

தமிழ் இன்னும் கோடிக்கணக்கானோர் நாவில் வாழும் மொழி. வேல்சு மொழிக்கு வந்த நிலை தமிழுக்கு வரவில்லை. வரவில்லை என்பதால் வராது என்று பொருளன்று. கழுத்துக் கட்டையை எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை என்பதை மறவாதீர்கள். வீட்டில் தமிழ் பேசிய குழந்தையைப் பார்த்து, 'ஆங்கிலத்தில் சொல்' என்று பெருமையோடு திருத்தும் பெற்றோர், கண்ணுக்குத் தெரியாத கட்டையைத் தம் கையாலேயே மாட்டுகின்றனர்.

சிறுவர்க்கென்றே 'தமிழ்ச்சிட்டு' இதழை நடத்திய பாவலரேறு பெருஞ்சித்திரனார், ஓவன் எட்வர்ட்சு கண்ட அதே உண்மையைக் கண்டவர். பெரியோர்க்கு இலக்கணம் வகுத்தால் போதாது. சிறியோர்க்குக் கதை வேண்டும். பழந்தமிழ் இலக்கியத்தில் கடலும் காடும் பாலையும் பேயும் மறவரும் நிறைந்துள்ளனர். கோயில் தூண்களில் யாளிகள் பாய்ந்து நிற்கின்றன. அவற்றைக் குழந்தைக்குரிய நல்ல தமிழில் எழுதுவோர் பெருகவேண்டும். அயல்நாட்டு நாகக் கதைகளையும் ஒதுக்க வேண்டுவதில்லை. அவற்றைத் தூய தமிழில் பெயர்த்துத் தருதல் வேண்டும். அழல்நாகம் தமிழ்க் குழந்தையிடம் தமிழில் பேசட்டும். நூல் வாங்கப் பொருளில்லாதாரும் இரவில் விளக்கணைக்கும் முன் ஒரு கதையைத் தமிழில் சொல்லலாம். அதற்கு அரசின் ஒப்புதல் வேண்டா, ஆணை வேண்டா, வாய் இருந்தால் போதும்.

பெருங்கோட்டை கட்ட வந்த அரசனும் அவன் அறிவரும் குன்றை விட்டுப் போயினர். மண்ணின் கீழே என்ன இருக்கிறது என்று கேட்ட சிறுவனே அங்கு நின்றான். தமிழ்க் குழந்தையும் அவ்வாறு கேட்கட்டும். அக்கேள்வியைத் தமிழில் கேட்கட்டும்.

வாழ்க தமிழ்!